நெடுவழிக்கு ஏற்ற டயர்

மிதிவண்டியின் டயர் எவ்வளவுக்கெவ்வளவு ஒடுங்கியும் கல்லைப் போல் இறுகியும் இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு வண்டி விரையும் என்று மாணவர்களில் பலர் எண்ணக்கூடும். பந்தய வீரர்களே நெடுங்காலம் அவ்வாறு எண்ணியவர்கள்தாம். அந்த எண்ணம் தளர்ந்த வரலாற்றையே இங்குக் கூற விழைகிறேன்.

பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் 1888-ஆம் ஆண்டில் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அதற்கு முன் ஓடியவை கெட்டி ரப்பர் வளையங்கள். கரடுமுரடான பாதையில் அவை ஓட்டுபவரின் எலும்புகளை உலுக்கி எடுத்தன. டன்லப்பின் பருத்த டயரைக் கண்டவர்கள் நகைத்தனர். 1889-இல் வில்லி ஹியூம் என்பவர் அதைப் பூட்டிய வண்டியில் ஏறிப் பந்தயங்களை வென்றார். நகைப்பும் அடங்கிற்று.

குறுகிய பந்தயத்தில் வெல்வது வேறு. நெடுவழியைத் தாங்குவது வேறு. 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்! சார்ல் தெரோன் என்னும் பிரெஞ்சு வீரர் 72 மணி நேரத்துக்குள் அதை முடித்து முதல்வரானார். அவர் வண்டியில் இருந்தவை மிஷ்லின் சகோதரர்கள் ஆக்கிய, கழற்றி மாட்டத்தக்க டயர்கள். டன்லப்பின் டயரோ சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. துளை விழுந்தால் அதைப் பிரித்துச் செப்பனிடுவது பெரும்பாடு.

அகலத்தைக் காட்டிலும் தரத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். டயரின் உடல் ரப்பர் மட்டுமன்று. உள்ளே நூற்படலம் உண்டு. தொடக்கத்தில் அது சாதாரண நெசவுத் துணி. சக்கரம் உருளும்போது டயர் நசுங்கி நிமிர்கிறது. ஊடும் பாவும் ஒன்றையொன்று உராய்ந்து, நாம் மிதித்த வலிமையின் ஒரு பகுதியை வெப்பமாக்கி வீணாக்கும். 1890-களில் அமெரிக்கரான ஜான் பால்மர் நூல்களைப் பின்னாமல் அடுக்கடுக்காகக் கிடத்தினார். உராய்வு குறைந்தது. இன்றும் மெல்லிய நூலும் இளக்கமான பக்கச் சுவரும் உடைய டயர் எளிதில் உருளும். முரட்டு டயர் அதே அகலத்தில் இருந்தாலும் காலை இழுக்கும்.

ஒடுங்கிய டயரின் புகழ் வழவழப்பான பந்தயத் தளங்களில் வளர்ந்தது. அங்கே இறுக்கம் பயன் தரும். சாலையிலோ, ஒவ்வொரு சிறு கல்லும் வண்டியைத் தூக்கிப் போடுகிறது. அந்த அதிர்வை விழுங்குவது ஓட்டுபவரின் தசை. அதற்குச் செலவாவதும் அவருடைய வலிமையே. இதனை உணர்ந்து அகன்ற டயருக்காக வாதாடியவர்களுள் செந்த்-எத்தியேன் நகரத்துப் போல் தெ விவி குறிப்பிடத்தக்கவர். 1887-இல் இதழொன்று தொடங்கி, 1930-இல் மறையும் வரை நெடும்பயணக்காரர்களுக்கு வழிகாட்டினார். பந்தய உலகம் அவருக்குச் செவிசாய்க்கவில்லை!

1990-களில் சாலைப் பந்தய வீரர்கள் பெரும்பாலும் 23 மில்லிமீட்டர் டயரையே பூட்டினர். 2020-களில் அவர்களே 28 மில்லிமீட்டருக்கும் அதற்கு மேலும் வந்துவிட்டனர், காற்றழுத்தத்தையும் குறைத்துக்கொண்டனர். பழைய பாரிஸ்–பிரெஸ்ட் வழியிலும் நான்காண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் மிதிக்கின்றனர். இப்போது அது பந்தயமன்று. 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். உடல் எடையும் சுமையும் மிகுந்தவர்கள், சாலையின் தன்மை நோக்கி, 32 மில்லிமீட்டரையோ அதனினும் அகன்றதையோ தேர்ந்துகொள்ளலாம். வண்டியின் கவையில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதை மட்டும் முன்னரே அளந்து பார்த்துவிட வேண்டும்.