இமயத்தின் உயரமும் இருதய ஆராய்ச்சியும்

1962ஆம் ஆண்டு எல்லைப் போரின்போது, சமவெளியில் இருந்த நம் படைவீரர்கள் பலர் விமானம் ஏறிச் சில மணி நேரத்தில் லடாக்கை அடைந்தனர். லே நகரமே கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. காவல் நிலைகள் பல அதனினும் உயர்ந்தவை. சென்ற இரண்டு மூன்று நாட்களில், திடகாத்திரமான இளைஞர்கள் சிலர் மூச்சுத் திணறி, இரத்தம் கலந்த நுரையைக் கக்கினர், சிலர் மாண்டனர்.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது வெளிப்படை. காரணம் யாது? நிமோனியாக் காய்ச்சலா, அன்றி இருதயத்தின் இடப்பாகம் சோர்வுற்றதா? விடைக்கேற்பச் சிகிச்சை மாறும். அதில் உயிர்கள் அடங்கியிருந்தன.

இருதயத்தினுள் அழுத்தத்தை அளந்தாலன்றி ஐயம் தீராது. அதற்கு வழி திறந்தவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய இளம் மருத்துவர். 1929இல் அவர் தம் கைச் சிரை வழியே மெல்லிய குழாயொன்றை இருதயம் வரை செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்துக்கொண்டார். 1940களில் நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரும் அம்முறையை நோயாளிகளுக்கு ஏற்றதாக்கி, நுரையீரல் தமனியின் அழுத்தத்தையும் அளந்தனர். 1956இல் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

நம் நாட்டில், ராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் வீரர்களைத் தாக்கிய இந்நோயை ஆராய்ந்து 1965இல் வெளியிட்டனர். 1,925 வீரர்களின் மலைநோய் பற்றிய அவர்களது ஆய்வு 1969இல் வெளிவந்தது. அதே ஆண்டில், தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சுஜாய் ராய் குழுவினர், இந்நோயாளிகளின் இருதயத்தில் குழாய் செலுத்தி அளந்த முடிவுகளை வெளியிட்டனர். நுரையீரல் தமனியில் அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. இருதயத்தின் இடப்பக்கத்திற்குரிய அழுத்தமோ இயல்பாகவே இருந்தது. பெரு நாட்டில் ஆராய்ந்து ஹல்ட்கிரென் 1964இல் வெளியிட்டதும் இதுவே.

ஆக, பழுது நுரையீரலின் இரத்தக் குழாய்களில் இருந்தது. பிராணவாயு குறைந்தால் அவை சுருங்கும் என்பதைச் சுவீடனில் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் 1946இலேயே பூனைகளிடம் கண்டிருந்தனர். எல்லாக் குழாய்களும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை. சுருங்காத பகுதிகளில் இரத்தம் மிகுந்த அழுத்தத்தோடு பாய, நீர் கசிகிறது.

காரணம் தெளிந்தபின் பரிகாரமும் தெளிந்தது: பிராணவாயு தருதல், தாமதியாமல் கீழே இறக்குதல், வருமுன் காக்க, படிப்படியாக ஏறுதல்.

வடபுலத்தில் வாழும் நம்மவர் பலர் இன்று உல்லாசப் பயணமாக விமானத்தில் லே செல்கின்றனர். முதலிரண்டு நாள் ஓய்ந்திருக்குமாறு அங்கே கூறப்படும் அறிவுரையைச் சிலர் அலட்சியம் செய்வதுண்டு. வீரர்கள் உயிரைக் கொடுத்துக் கற்பித்த பாடம் அது, போற்றிக் கொள்வோமாக.