யாரும் பார்க்காத முக்கால் மணி நேரம்

1981-இல் எம்.பி.பி.எஸ். கடைசி வருடத் தேர்வில் எனக்கு வந்த 'லாங் கேஸ்', அதாவது முழுமையாகச் சோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளி, மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற இதய வால்வுச் சுருக்கம் உள்ள ஒரு பெண். கேட்க வேண்டியதைக் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம். இடப்பக்கம் சாய்ந்து படுக்க வைத்துக் கேட்டால்தான் அந்த இதயத்தின் முணுமுணுப்பு தெளிவாகும். அவசரத்தில், மறைப்பு இழுக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் முந்தானையை விலக்கிவிட்டேன். அந்த அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகுதான் தேர்வாளர்கள் வந்தார்கள். நோயைச் சரியாகச் சொன்னேன், பாஸ் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் என் நண்பனுக்கு வந்தது சிக்கலான நரம்பு நோய். அவன் தோற்றான்.

படுக்கையருகே வைத்துச் சோதிக்கும் இந்த வழக்கம் ஒரு காலத்தில் பெரிய சீர்திருத்தம். 1842-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் பேஜெட் அதைக் கொண்டுவந்தார். பிரிட்டனில் மருத்துவப் பட்டத்துக்கு நோயாளியை முன்னால் வைத்து முறையாகத் தேர்வு நடந்தது அதுவே முதல்முறை. பின்னாளில் நம் கல்லூரிகளிலும் அந்த மரபே வேரூன்றியது. ஆனால் ஆளுக்கொரு நோயாளி, ஆளுக்கொரு தேர்வாளர் என்பதால் அதிர்ஷ்டமும் உள்ளே நுழைந்துகொண்டது.

1963-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், ஓவியர்களுக்கு மாடலாக நின்ற ஒரு பெண்ணுக்கு, கால் செயலிழந்த நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்தார். எல்லா மாணவர்களுக்கும் ஒரே நோயாளி. மாணவர் என்ன செய்தார் என்பதையும் அந்தப் பெண்ணே பட்டியலில் குறித்துவைத்தார்.

1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் வார்டையே பல நிலையங்களாகப் பிரித்தார்கள். ஒன்றில் நோய் விவரம் கேட்க வேண்டும். இன்னொன்றில் உடலின் ஒரு பகுதியைச் சோதிக்க வேண்டும். வேறொன்றில் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்ல வேண்டும். நேரம் முடிந்தால் அடுத்த நிலையத்துக்கு நகர வேண்டும். சில நிலையங்களில் தேர்வாளர் கையில் பட்டியலோடு அங்கேயே நின்று பார்ப்பார். இன்று உலகம் முழுக்க 'ஆஸ்கி' என்று வழங்குவது இதுதான்.

ஆஸ்கியில் மனிதர் துண்டு துண்டாகப் போகிறார்; லாங் கேஸில்தான் முழு மனிதர் கிடைக்கிறார். அதனால் பழையதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். தேர்வாளரான பிறகு நான் செய்தது ஒன்றுதான்: மாணவர் நோயாளியிடம் போகும்போதே நானும் போய்க் கட்டில் ஓரத்தில் நின்றேன். பெயர் கேட்கிறாரா, மறைப்பு இழுக்கிறாரா, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தொடுகிறாரா என்று பார்த்தேன். விடை எவ்வளவு சரியாக இருந்தாலும், இவை இல்லையென்றால் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இளம் தேர்வாளர்களே, அந்த முக்கால் மணி நேரம் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். கட்டிலருகே நில்லுங்கள். அன்று எனக்கு அருகே யாராவது நின்றிருந்தால், அந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டாம்.