அடுத்தடுத்த எண்களும் அரபுக் கணித அறிஞர்களின் வரைபடச் சான்றுகளும்

மூன்று அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகை 72 எனில் அவ்வெண்கள் யாவை? நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படும் வினா இது. 1980களில் சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர்ப் பல நாடுகளிலும் பரவிய பட்டை வரைபட முறையில், இதற்கு மூன்று பட்டைகள் வரைந்தால் போதும். முதற் பட்டையைவிட இரண்டாவது ஓர் அலகும், மூன்றாவது இரண்டு அலகுகளும் நீளமானவை. மிகுதியாயுள்ள 3 அலகுகளை 72இலிருந்து நீக்கினால் 69 எஞ்சும். அதனை மூன்று சம பட்டைகளுக்குப் பங்கிட்டால் 23 கிடைக்கும். ஆகவே 23, 24, 25 என்பனவே அவ்வெண்கள்.

குறியீடுகளைக் கையாளத் தெரியாத சிறுவர்க்கான ஊன்றுகோல் என்று இம்முறையைக் குறைவாக மதிப்பிடுவோர் உளர். கணித வரலாறு இம்மதிப்பீட்டுக்குச் சான்று பகரவில்லை. இயற்கணிதத்திற்குப் பெயர் தந்த அறிஞர்களே தம் முடிவுகளை வடிவங்களைக் கொண்டுதான் நிறுவினர்.

அப்பாஸிய கலீஃபா மஃமூன் (ஆட்சி 813-833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீ, அல்-ஜப்ர் வல்-முகாபலா பற்றிய தம் நூலை யாத்தார். அதில் இன்றைய குறியீடு ஒன்றேனும் இல்லை. கணக்குகள் யாவும் சொற்களாலேயே கூறப்பட்டுள்ளன. சமத்தின் இரு புறங்களிலுமுள்ள ஒத்த அளவுகளை நீக்குவதே முகாபலா. மேலே 72இலிருந்து 3ஐ நீக்கியதும் அச்செயலேயாம்.

ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வரும் என்பது அவருடைய புகழ்பெற்ற கணக்கு. இதற்கு அவர் ஒரு சதுரம் வரைந்து, அதன் நான்கு பக்கங்களிலும் இரண்டரை அலகு அகலமுள்ள பட்டைகளை ஒட்டுகிறார். நான்கு மூலைகளிலும் விடுபட்ட இடங்களின் பரப்பு 25. அதனைச் சேர்த்தால் முழுச் சதுரத்தின் பரப்பு 64, பக்கம் 8. அதிலிருந்து இரு பட்டைகளின் அகலமான 5ஐக் கழித்தால் விடை 3.

அடுத்தடுத்த எண்களுக்கு இம்முறையை மேலும் செம்மையாகப் பயன்படுத்தியவர், பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் விளங்கிய அபூபக்ர் அல்-கரஜீ. 1 முதல் 10 வரையுள்ள எண்களின் கனங்களைக் கூட்டினால், அவ்வெண்களின் கூட்டுத்தொகையான 55இன் வர்க்கம் கிடைக்கும் என்பதை ‘அல்-ஃபக்ரீ’ என்னும் நூலில் அவர் காட்டுகிறார். பக்கம் 55 உள்ள சதுரமொன்றை வரைந்து, அதன் ஓரத்தில் ‘ட’ எழுத்தின் வடிவில் 10 அலகு அகலமுள்ள பட்டையை வெட்டினால், அப்பட்டையின் பரப்பு 1000. அதாவது 10இன் கனம். எஞ்சிய சதுரத்தின் பக்கம் 45. அதில் 9 அலகு அகலத்தில் வெட்டினால் 729. அது 9இன் கனம். இவ்வாறே தொடர்ந்தால் இறுதியில் எஞ்சுவது 1. வெட்டிய பட்டைகளும் இதுவும் சேர்ந்ததே 3025.

965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் வேறொரு வரைபடத்தைக் கையாண்டார். சிறிய எண்களைக் கொண்டு அதனை விளக்கலாம். 10 அலகு நீளமும் 5 அலகு உயரமும் உள்ள செவ்வகத்தை, 1, 2, 3, 4 அலகு அகலமுள்ள நிரல்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நிரலின் அடியிலும் ஒரு சதுரம் அமையும். அவற்றின் மொத்தப் பரப்பு 1+4+9+16, அதாவது 30. அவற்றுக்கு மேலுள்ள இடம் 1, 3, 6, 10 அலகு நீளமுள்ள கிடைப்பட்டைகளாகப் பிரியும். அவற்றின் கூட்டுத்தொகை 20. இரண்டும் சேர்ந்தால் செவ்வகத்தின் பரப்பு 50. இம்முறையை நான்காம் அடுக்குவரை நீட்டித்தே, பரவளையத்தை அதன் அச்சுக்குச் செங்குத்தான கோட்டைச் சுற்றிச் சுழற்றுவதால் உண்டாகும் திண்மத்தின் கன அளவு, அதனைச் சூழ்ந்த உருளையில் பதினைந்தில் எட்டுப் பங்கு என அவர் கண்டறிந்தார்.

இவ்வனைத்தும் அரபுலகிலேயே தோன்றின என்று உரைப்பது வரலாற்றுக்கு நீதியாகாது. கனங்களின் கூட்டுத்தொகை பற்றிய விதியை ஆரியபட்டர் 499இலேயே கூறியுள்ளார். கிரேக்கரான நிக்கோமாக்கஸின் எண்ணியல் நூலைத் தாபித் இப்னு குர்ரா அரபியில் பெயர்த்திருந்தார். சிங்கப்பூர் முறை பக்தாதிலிருந்து நேரே வந்தது என்பதும் மிகையே. அரபுலக அறிஞர்களின் தனிப்பெருமை, விதியைக் கூறுவதோடு நில்லாமல், அது ஏன் உண்மை என்பதைக் கண்முன் காட்டியதிலேயே இருக்கிறது. இதனையே அவர்கள் புர்ஹான், அதாவது சான்று, என்றழைத்தனர்.

இன்று பெரும்பாலான மாணவர்கள் இவ்விதிகளைச் சூத்திரமாக மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். சான்றில்லாச் சூத்திரம் ஆசிரியரின் சொல்லை நம்பி ஏற்ற செய்தியாக மட்டுமே நிற்கும். வரைந்து கண்டதோ மாணவனுக்கே உரிய அறிவாகிவிடும். பட்டை வரையும் மாணவனைச் சமன்பாட்டுக்கு விரைவாக இட்டுச் செல்ல விரும்பும் ஆசிரியர், அவன் வரைந்ததில் அடங்கியுள்ள சான்றை முதலில் அவன் வாயாலேயே சொல்லச் செய்வாராக. அதன்பின் எழுதப்படும் குறியீடு அவனுக்குப் பொருளுள்ளதாக விளங்கும்.