டொரோன்டோவின் ஏரிக்கரை: காவலும் அதற்கான விலையும்

கனடாவின் டொரோன்டோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், லாரன்ஸ் அவென்யூ சாலையை ஒட்டி அமைந்துள்ளது வெக்ஸ்போர்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் விளைநிலங்களின் மீது எழுந்த புறநகர்ப் பகுதி இது. தமிழர் உள்ளிட்ட பல நாட்டுக் குடியேறிகள் இன்று அங்கு வாழ்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ஒண்டாரியோ ஏரி கண்ணுக்குத் தெரியாது. ஏரிக்கரை சில கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது.

ஆனால் வெக்ஸ்போர்டின் கூரைகளிலும், கடைத்தொகுதிகளுக்கு முன்னால் உள்ள வாகன நிறுத்துமிடங்களிலும் பெய்யும் மழையில் பெரும்பகுதி நிலத்தடிக் குழாய்கள் வழியாக டெய்லர்-மாஸி ஓடையைச் சென்றடைகிறது. அந்த ஓடை டான் ஆற்றில் கலக்கிறது. டான் ஆறு மாநகரின் மையப் பகுதிக்கு அருகே ஏரியில் சேர்கிறது. கரையோரப் பகுதிகளை நிர்வகிப்பது கரையில் வீடு வைத்திருப்பவர்களின் கவலை மட்டுமல்ல என்பதற்கு இந்த ஓடையே போதிய சான்று.

ஒண்டாரியோ ஏரியின் பரப்பு ஏறக்குறைய 19,000 சதுர கிலோமீட்டர். உப்பு இல்லை, குறிப்பிடத்தக்க ஓதம் இல்லை என்பதைத் தவிர, அலை, அரிப்பு, மணல் நகர்வு, புயல் வெள்ளம் என்று கடற்கரைக்குரிய பிரச்சினைகள் பலவும் இந்த ஏரிக்கரைக்கும் உண்டு. பருவநிலை மாற்றமும் மனிதர்களின் நெருக்கடியும் ஒருசேர அழுத்தும் கரையோரங்களை எவ்வாறு காப்பது என்ற கேள்விக்கு டொரோன்டோவின் அனுபவம் சில விடைகளையும் சில எச்சரிக்கைகளையும் தருகிறது.

நகரும் மணல்

ஸ்கார்பரோவின் ஏரிக்கரை நெடுகிலும் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலும் களிமண்ணும் கலந்த செங்குத்தான மேடுகள் நிற்கின்றன. சில இடங்களில் அவற்றின் உயரம் 90 மீட்டர் அளவுக்கு இருக்கிறது. பனியுகத்தின்போது படிந்த மண் அடுக்குகளே இவை. 1793ஆம் ஆண்டில் இவற்றைப் பார்த்த எலிசபெத் சிம்கோ, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையிலுள்ள ஸ்கார்பரோவின் குன்றுகளை நினைத்து இந்த இடத்துக்கு அதே பெயரை வைத்தார். மேல் கனடாவின் முதல் துணை ஆளுநருடைய மனைவி அவர்.

இந்த மேடுகள் பாறைகள் அல்ல. அலைகள் அவற்றின் அடிவாரத்தை அரிக்கின்றன. மேலிருந்து இறங்கும் நிலத்தடி நீர், மணல் அடுக்கும் களிமண் அடுக்கும் சந்திக்கும் இடங்களில் கசிந்து சரிவைத் தளர்த்துகிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மேட்டின் ஒரு பகுதி ஏரிக்குள் சரிந்து விழுந்ததைப் படகில் சென்றவர்கள் படம் பிடித்திருந்தார்கள்.

ஆயினும் இந்த அரிப்பை வெறும் இழப்பாகக் கருத முடியாது. மேடுகளிலிருந்து விழுந்த மணலை ஏரியின் நீரோட்டங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேற்கு நோக்கி எடுத்துச் சென்றுள்ளன. அந்த மணலால் உருவானதுதான் நகரின் துறைமுகத்தைக் காத்து நிற்கும் டொரோன்டோ தீவுகள். முன்னர் அவை கரையோடு இணைந்த ஒரு மணல் தீபகற்பமாக இருந்தன. 1858ஆம் ஆண்டு ஏப்ரலில் வீசிய புயல் அதன் கழுத்தை நிரந்தரமாக உடைத்தபோதுதான் அவை தீவுகளாயின. அதாவது, ஸ்கார்பரோவின் இழப்பே தீவுகளின் வரவாக இருந்தது.

கட்டக் கட்ட இடம்பெயரும் அரிப்பு

மனிதத் தலையீடு பழமையானது. 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்துவந்த டொரோன்டோவின் கட்டுமானங்களுக்காகச் சிறு பாய்மரக் கப்பல்கள் ஏரியின் கரையோர அடித்தளத்திலிருந்து கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றன. அலைகளைத் தணித்துவந்த கற்கள் மறைந்ததும் கரை வேகமாக அரிபட்டது. நிலவுடைமையாளர்களின் புகாரை அடுத்து, கரையிலிருந்து ஏறத்தாழ 50 அடிக்குள் கல் எடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1857ஆம் ஆண்டில் வந்தது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழப்பட்டு, அதனால் கடலரிப்பு பெருகி, 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் அது தடை செய்யப்பட்ட வரலாற்றுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது.

20ஆம் நூற்றாண்டில் மேடுகளின் விளிம்புவரை வீடுகள் வந்தன. வீடுகளைக் காக்க அடிவாரத்தில் கற்களும் இடிபாடுகளும் கொட்டப்பட்டு அணைகரைகள் எழுந்தன. இங்கு இரண்டு விளைவுகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, அடிவாரத்தைக் கட்டிவிட்டால் உச்சியில் சரிவு உடனே நின்றுவிடுவதில்லை. மேடு தனக்கேற்ற சாய்வை அடையும்வரை, பல ஆண்டுகளுக்கு விளிம்பு பின்வாங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, அடிவாரம் கட்டப்பட்ட இடத்தில் மணல் வரத்தும் குறைகிறது. துறைமுகத்துக்கு அருகே 1950களின் இறுதியிலிருந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஏரிக்குள் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு உருவாக்கப்பட்ட லெஸ்லி தெரு முனையும் மணலின் பாதையில் குறுக்கிட்டது. மணல் வரத்து குறைந்த தீவுகளின் தென்மேற்கு முனை இன்று அரிப்புக்கு உள்ளாகி வருகிறது.

அதேவேளை, மேடுகளின் அடியில் மண் நிரப்பி உருவாக்கப்பட்ட புளஃபர்ஸ் பூங்காவின் கிழக்கே மணல் தேங்கி அகன்ற கடற்கரை போன்ற திட்டு உருவாகியிருக்கிறது. பூங்காவின் படகுத்துறை வாயில் மணலால் தூர்ந்துவிடுவதால் அவ்வப்போது தூர்வார வேண்டியுள்ளது. ஓரிடத்தில் பற்றாக்குறை, மற்றோரிடத்தில் மிகுதி என்ற நிலை.

தமிழகக் கரையை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. வங்கக் கடலோரம் மணல் ஆண்டுக் கணக்கில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின்னர் அதன் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளைக் கடல் அரித்தது. 1980களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பின்னர் நகரின் கடற்கரை மறைந்து கருங்கற்களே எஞ்சின. கல் கொட்டப்பட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு பொம்மையார்பாளையம் போன்ற மீனவர் ஊர்களை எட்டியது. சுவர் கட்டியவரும் அதன் விளைவை அனுபவிப்பவரும் ஒருவரல்லர் என்பதே கரையோரக் காவலின் அடிப்படைச் சிக்கல்.

ஹேசல் புயல் கற்பித்த பாடம்

இந்தச் சிக்கலுக்கு ஒண்டாரியோ மாகாணம் கண்ட விடை, நீர்ப்பிடிப்புப் பகுதியை நிர்வாக அலகாகக் கொள்வது. 1946ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, நகராட்சி எல்லைகளைப் பின்பற்றாமல் ஆறுகளின் வடிகால் எல்லைகளைப் பின்பற்றும் பாதுகாப்பு ஆணையங்களை அமைக்க வழி செய்தது. ஆனால் அவற்றுக்கு உண்மையான வலு கிடைத்தது ஒரு பேரழிவுக்குப் பின்னரே.

1954ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி இரவு டொரோன்டோவைத் தாக்கிய ஹேசல் புயலில் 81 பேர் உயிரிழந்தனர். ஹம்பர் ஆற்றங்கரையில் இருந்த ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர் இறந்தனர். அதன் பின்னர் வெள்ளப் படுகைகளில் இருந்த நிலங்கள் அரசால் வாங்கப்பட்டன. அவற்றில் மீண்டும் வீடு கட்ட அனுமதி வழங்கப்படவில்லை. 1957ஆம் ஆண்டில் நான்கு ஆணையங்கள் இணைக்கப்பட்டு டொரோன்டோ வட்டார ஆணையம் உருவானது. இன்று நகரின் பள்ளத்தாக்குகளில் மக்கள் நடந்து மகிழும் பூங்காக்கள் பல, அந்தப் புயலுக்குப் பின் வீடுகளுக்கு விலக்கப்பட்ட நிலங்களே. ஸ்கார்பரோவின் ஏரிக்கரை அரிப்பைக் கண்காணிப்பதும் இந்த ஆணையத்தின் பொறுப்பாகும்.

ஏறி இறங்கும் ஏரி

பருவநிலை மாற்றம் கடல்மட்டத்தை உயர்த்துகிறது. ஏரியில் அதன் விளைவு வேறு. வெப்பம் ஆவியாதலைக் கூட்டுகிறது; கனமழையும் கூடுகிறது. எனவே நீர்மட்டம் ஒரே சீராக உயர்வதைவிட, மிக உயர்ந்த நிலைக்கும் மிகத் தாழ்ந்த நிலைக்கும் இடையே ஊசலாடும் அபாயமே அதிகம் பேசப்படுகிறது. குளிர்காலத்தில் கரையோரப் பனிக்கட்டி குறையும்போது, முன்பு அது தடுத்துவந்த புயல் அலைகள் நேரடியாகக் கரையைத் தாக்குகின்றன.

2017ஆம் ஆண்டு மே மாதம் ஏரியின் மட்டம் 75.88 மீட்டரை எட்டியது. அது வரை பதிவானவற்றில் அதுவே மிக அதிகம். டொரோன்டோ தீவுகளின் பூங்கா ஜூலை இறுதிவரை பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில், 2019 ஜூனில், மட்டம் 75.92 மீட்டராகி அந்தப் பதிவும் முறியடிக்கப்பட்டது.

கனடாவும் அமெரிக்காவும் 1909ஆம் ஆண்டில் செய்துகொண்ட எல்லை நீர் ஒப்பந்தத்தின்படி அமைந்த கூட்டு ஆணையம், புனித லாரன்ஸ் ஆற்றிலுள்ள அணையின் மூலம் ஏரியிலிருந்து வெளியேறும் நீரை முறைப்படுத்துகிறது. ஈரநிலங்களின் நலன் கருதி இயற்கையான ஏற்ற இறக்கத்துக்குக் கூடுதல் இடம் தரும் புதிய திட்டம் 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. எனவே கரையோர வீட்டு உரிமையாளர்கள் பலர் அதன்மேல் பழி சுமத்தினர். அளவு மீறிப் பெய்த மழையும் மேல் ஏரிகளிலிருந்து வந்த நீருமே காரணம் என்று ஆணையம் பதிலளித்தது. அணையை முழுமையாகத் திறந்தால் கீழே மொன்ட்ரியல் பகுதியில் வெள்ளம் பெருகும். நீரிலும் ஒருவரின் காவல் மற்றவரின் சேதமாகக்கூடும்.

தெருவிலிருந்து ஏரிவரை

வெக்ஸ்போர்ட் போன்ற பகுதிகள் இந்தக் கணக்கில் சேர்வது மழையின் வழியே. 2013ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி டொரோன்டோ பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரங்களில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானது. 2024ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி ஏறக்குறைய 98 மில்லிமீட்டர் பெய்தது. டான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை நீரில் மூழ்கியது. மண்ணுக்குள் இறங்க வழியில்லாத நீர், ஓடைகளின் கரைகளைப் பெயர்த்து, வண்டலையும் எண்ணெய்க் கழிவையும் ஏரிக்குக் கொண்டு செல்கிறது.

கூரை நீரைக் குழாய்களுக்குள் விடாமல் புல்தரையில் இறக்க வேண்டும் என்ற விதியை மாநகராட்சி 2011 முதல் 2016 வரை மூன்று கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. எனினும் பெருமளவு நீர் வருவது கடைத்தொகுதிகளின் தார்த் தளங்களிலிருந்து. டொரோன்டோவில் மழைநீர் வடிகாலுக்கான செலவு குடிநீர்க் கட்டணத்திலேயே அடங்குகிறது. ஆகவே நீரை அதிகம் பயன்படுத்தாத ஒரு வாகன நிறுத்துமிடம், எவ்வளவு மழையை வடியவிட்டாலும் அதற்கேற்பக் கட்டணம் செலுத்துவதில்லை. நீர் உட்புகாத தளத்தின் பரப்பை வைத்துக் கட்டணம் விதிக்கும் முறை அண்டை நகரான மிசிசாகாவில் 2016 முதல் உள்ளது. டொரோன்டோவில் அதற்கான கலந்தாய்வு, 'மழைக்கு வரியா' என்ற எதிர்ப்புக்கு நடுவே 2024ஆம் ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்டது.

ஆற்றுக்கு இடம் விடுதல்

டான் ஆற்றின் கழிமுகத்தில் மாறுபட்ட அணுகுமுறை கையாளப்பட்டுள்ளது. ஒருகாலத்தில் அங்கு பேரேரிகளின் மிகப் பெரிய சதுப்பு நிலங்களில் ஒன்று இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளுக்காக அது நிரப்பப்பட்டு, ஆறு செங்கோணமாகத் திரும்பும் ஒரு கால்வாய்க்குள் அடைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் மூன்று மட்டத்து அரசுகளும் சேர்ந்து சுமார் 125 கோடி டாலரை ஒதுக்கி, ஆற்றுக்கு வளைந்து செல்லும் புதிய முகத்துவாரத்தையும் ஈரநிலங்களையும் அமைக்க முடிவு செய்தன. அதன் பகுதியான பிடாசிகே பூங்கா 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. சுவரை உயர்த்துவதற்குப் பதிலாக நீருக்கு இடம் விடும் முயற்சி இது. நிரப்பியதைத் தோண்டி எடுக்க ஆகும் செலவு, முதலிலேயே நிரப்பாமல் இருப்பதன் மதிப்பையும் காட்டுகிறது.

ஸ்கார்பரோவின் மேடுகளில் விடை இத்தனை தெளிவாக இல்லை. புளஃபர்ஸ் பூங்காவிலிருந்து கிழக்கு முனைப் பூங்காவரை 11 கிலோமீட்டர் கரையை மேம்படுத்தும் திட்டம் மக்களுக்கு ஏரியை அணுக வழி தரும், அரிப்பையும் கட்டுப்படுத்தும். ஆனால் எஞ்சியிருக்கும் இயற்கையான மேடுகளையும் கற்களால் அடைத்துவிட வேண்டாம் என்பது இயற்கை ஆர்வலர்களின் வாதம்.

கோடு கிழிப்பது யார்?

இலங்கை 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம், நிலப்பக்கம் 300 மீட்டரையும் கடல்பக்கம் 2 கிலோமீட்டரையும் கரையோர வலயமாக வகுத்தது. இந்தியாவின் 1991ஆம் ஆண்டு அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை அரசு, தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று விலக்கு வலயம் அறிவித்தபோது, கரையை விட்டு அகல வேண்டியவர்கள் மீனவர்கள்தானா என்ற கேள்வி எழுந்தது. பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது.

ஒண்டாரியோவிலும் கோடுகள் மாறுகின்றன. வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, 2022ஆம் ஆண்டில் மாகாண அரசு பாதுகாப்பு ஆணையங்களின் அதிகாரங்களைக் குறைத்தது. 36 ஆணையங்களை ஒன்றிணைத்து எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்கும் திட்டத்தை 2025 அக்டோபரில் அறிவித்தது. இதனால் தாமதங்கள் குறையும் என்கிறது அரசு. ஓடைகளையும் சரிவுகளையும் நேரில் அறிந்த உள்ளூர் அறிவு இழக்கப்படும் என்கின்றனர் விமர்சகர்கள்.

கரையோரத்தைக் காக்கும் கற்களையும் சுவர்களையும் பற்றிய பொறியியல் அறிவுக்குப் பஞ்சமில்லை. மேட்டின் விளிம்பில் இருக்கும் ஒரு வீட்டைக் காக்கும் செலவை யார் ஏற்பது, அதனால் மணலை இழக்கும் தீவுக்கு யார் பொறுப்பு, தொலைவில் ஒரு வாகன நிறுத்துமிடம் அனுப்பும் நீருக்கு யார் கட்டணம் செலுத்துவது என்பவையே தீராத கேள்விகள். இவற்றைத் தனித்தனியே முடிவு செய்தபோதெல்லாம் சேதம் இடம் மாறியதேயன்றி மறையவில்லை என்பதைச் சென்னையும் புதுச்சேரியும் ஸ்கார்பரோவும் காட்டியிருக்கின்றன. முழு வடிகால் பகுதியையும் ஒன்றாகக் கண்டு முடிவெடுக்கும் அமைப்பை டொரோன்டோவுக்குத் தந்தது 81 பேரின் மரணம். அந்த அமைப்பு எந்த வடிவில் தொடரப்போகிறது என்பது ஏரியைப் பார்த்திராத தெருக்களையும் பாதிக்கும்.