ஹீலா உயிரணுக்கள்: மனித உயிரணுக்களா, தனிச் சிற்றினமா?

உடலிலிருந்து எடுக்கப்பட்டு, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும்படி வளர்க்கப்படும் உயிரணுக்கள் 'உயிரணு வரிசை' எனப்படும். தடையின்றிப் பெருகிய முதல் மனித உயிரணு வரிசை 'ஹீலா'. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1951-ஆம் ஆண்டு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியெட்டா லாக்ஸ் என்பவரின் கட்டியிலிருந்து இது உருவாக்கப்பட்டது. திசுவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த அவரிடம் ஒப்புதல் பெறப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் அவர் காலமானார். அவ்வுயிரணுக்கள் இன்றும் வளர்க்கப்படுகின்றன.

புதிய பெயர் முன்மொழியப்பட்டது ஏன்?

1991-இல் லீ வான் வாலன், வர்ஜீனியா மையோரானா ஆகிய உயிரியலாளர்கள் ஹீலாவைத் தனிச் சிற்றினமாகக் கருதி, 'ஹெலாசைட்டான் கார்ட்லெரி' எனப் பெயரிட்டனர். அவர்கள் கூறிய காரணங்கள் மூன்று:

• மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. ஹீலாவில் பொதுவாக 76 முதல் 80 வரை உள்ளன.
• இவற்றின் வாழிடம் மனித உடலன்று, ஆய்வகமே.
• வளர்ப்போர் விரும்பாத இடங்களிலும் இவை பரவிப் பெருகுகின்றன.

அது ஏற்கப்பட்டதா?

பெரும்பாலான உயிரியலாளர்கள் ஏற்கவில்லை. ஊட்டக் கரைசலும் உரிய வெப்பநிலையும் மனிதர் அளிக்காவிடில் ஹீலா அழிந்துவிடும். குரோமோசோம் மாற்றங்கள் பல புற்றுநோய்க் கட்டிகளிலும் காணப்படுபவை. அதனால் கட்டி தனி உயிரினமாகிவிடாது. மேலும், ஹீலாவின் மரபணுத் தகவல் லாக்ஸின் வழித்தோன்றல்களைப் பற்றியும் தெரிவிக்கக்கூடியது. 2013-இல் அத்தகவல் குடும்பத்தினரின் ஒப்புதலின்றி வெளியிடப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் அக்குடும்பத்தினருடன் உடன்பாடு செய்து, தகவலைப் பயன்படுத்தக் கட்டுப்பாடு விதித்தன. எனவே பெயர் எதுவாயினும், இவை ஒரு மனிதரிடமிருந்து வந்தவை என்பது மாறாது.

சரியான அடையாளம் ஏன் முக்கியம்?

புதிய பெயரிலுள்ள 'கார்ட்லெரி' என்பது ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளரைக் குறிக்கும். வெவ்வேறு உறுப்புகளைச் சேர்ந்தவை எனக் கருதப்பட்ட பல உயிரணு வரிசைகள் உண்மையில் ஹீலாவே என 1966-இல் அவர் சுட்டிக்காட்டினார். கல்லீரல் உயிரணுவாகக் கருதப்பட்ட 'சாங் லிவர்', குரல்வளை உயிரணுவாகக் கருதப்பட்ட 'ஹெப்-2' ஆகியவையும் ஹீலாவே எனப் பின்னர் தெரிந்தது. கல்லீரலுக்கான மருந்தைக் கருப்பை வாய்ப் புற்றணுவில் சோதித்தால் முடிவு பிழையாகும். இதனால், ஆய்வைத் தொடங்கும் முன் டி.என்.ஏ. பரிசோதனையால் வரிசையின் மூலத்தை உறுதிசெய்வது இன்று வலியுறுத்தப்படுகிறது.

நீங்கள் அறிய வேண்டியவை

• உங்கள் திசு மாதிரியை ஆராய்ச்சிக்குக் கேட்டால், ஒப்புதல் படிவத்தை முழுமையாகப் படியுங்கள். புரியாதவற்றை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் மறுக்கலாம், அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.
• ஹீலாவில் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 18-ஆம் வகை உள்ளது. இவ்வகைக்கு எதிரான தடுப்பூசி இன்று உள்ளது. தடுப்பூசி பெற்றிருந்தாலும் 30 வயதைக் கடந்த பெண்கள் கருப்பை வாய்ப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது.