வேறு வைத்த அடுப்பும் மூன்று வருஷக் கணக்கும்

செட்டிநாட்டு வீடுகளைக் காண வருகிறவர்கள், ஒரு தெருவில் தலைவாசலும் மறு தெருவில் பின்வாசலுமாக, முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் என்று நீண்டு கிடக்கும் அக்கட்டடங்களுக்குள் ஒரு பெருங்குடும்பம் முழுவதும் ஒரே உலையில் பொங்கி உண்டு வாழ்ந்திருக்கும் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை அதுவன்று. மகனுக்கு விவாகம் நடந்து சில காலம் சென்றதும் அவனையும் அவன் மனைவியையும் 'வேறு வைப்பது' நாட்டுக்கோட்டைச் செட்டியார் எனப்படும் நகரத்தாரிடையே நெடுங்காலமாக வழங்கிவந்த சம்பிரதாயம். மனஸ்தாபத்தினால் நேர்வதன்று அது. வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதும் அன்று. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கென்று ஒதுக்கப்படும், அடுப்பு தனியாகும், வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு, இவ்வளவு ரொக்கம் என்று தகப்பனார் ஏற்படுத்திக் கொடுப்பார், மிஞ்சினால் அவர்கள் சேமிப்பு, குறைந்தால் அவர்கள் பாடு. கல்யாணமும் முன்னோருக்கு இடும் படைப்பும் பொதுவாகவே நடக்கும். ஆனால் நகரத்தாருக்குரிய ஒன்பது கோயில்களில் தான் சார்ந்த கோயிலில், அந்த இளைஞன் மணமான நாள்முதல் ஒரு தனிப் புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். புள்ளிவரியும் அவன் பெயரிலேயே விழும்.

மீசை சரியாக அரும்பாத பிள்ளையும், நேற்றுவரை தாயார் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த பெண்ணும், மாமியாரின் அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் தாங்களே அடுப்பு மூட்டி, தங்கள் நெல்லுக்குத் தாங்களே கணக்கெழுதத் தொடங்குவது சாமானியமான காரியமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனித்து நிற்கும் தைரியத்தைப் பிறவிக்குணமென்று நம்மிற் பலர் கருதியிருக்க, இந்த வணிகர் குலம் அதனை நெல்லைப்போல் மரக்காலில் அளந்து, கொஞ்சங் கொஞ்சமாகப் பிள்ளைகளுக்குப் படிபோட்டு வந்திருக்கிறது. கடலுக்கு அப்பால் அவர்கள் செய்த காரியங்களுக்கு ஒத்திகை இந்த வளவிலேயே நடந்தது என்பது என் எண்ணம்.

படி அளப்பது அதற்கு முன்னரே தொடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் மனக்கணக்கும் வட்டிக்கணக்கும் கைவந்த சிறுவன், சொந்தக் கடையிலேனும் பிறர் கடையிலேனும் பெட்டியடிப் பையனாக அமர்வான். பெருக்குவது, தண்ணீர் கொண்டுவருவது, மேலாள் சொல்லும் தொகைகளைக் கூட்டிப் பார்ப்பது, கடிதங்களைப் பிரதி எடுப்பது என்று நாள் கழியும். பிறகு அடுத்தாள், அதன்பின் திறமையும் நாணயமும் நிலைபெற்றால் மேலாள். மேலாளாகவோ ஏஜெண்டாகவோ அக்கரை செல்பவனுக்குச் சம்பளச்சீட்டு எழுதப்படும். தவணை சாதாரணமாக மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கிக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படலாம். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்க, அவருடைய லட்சங்களை ஆயிரம் மைலுக்கு அப்பால், அதிகாரப் பத்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆள வேண்டியவன் அந்த ஏஜெண்டு. மூன்று வருஷத்துக்குள் ஊர் திரும்புவது வழக்கமில்லை. மனைவியை உடன் அழைத்துச் செல்வதும் அக்காலத்தில் வழக்கமில்லை.

கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று அவர்கள் சென்ற இடங்கள் பல. எனினும் பர்மாவைப்போல் ஒன்றுமில்லை. கீழ்ப் பர்மா 1852-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பியச் சந்தை அரிசிக்கு நெருங்கி வந்தது. ஐராவதியின் கழிமுகத்தில் காடு வெட்டிக் கழனி ஆக்கவந்த பர்மிய உழவனுக்கு மாடும் விதையும் கூலியும் வேண்டியிருக்க, ஐரோப்பிய பாங்கிகள் அவனை ஏறெடுத்தும் பாராமலிருந்தன. அந்த இடைவெளியில்தான் செட்டியார் கடை வைத்தார். 1929-30-இல் விசாரணை நடத்திய பர்மா பாங்கிங் கமிட்டி, அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புரண்ட பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

இப்படிச் சென்றவன் மெய்யாகவே தனியனா என்று கேட்டால், அரைவாசிதான் என்று சொல்லவேண்டும். கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்தில் ஒரு பெட்டியும் ஒரு பாயும் அவனுக்குரியவை. அடுத்த பாயில் அவன் ஊர்க்காரர் இருப்பார், எதிர்ப்பாயில் அவன் கோயில் பங்காளி இருப்பார். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடித்தான் நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். ஒருவன் கணக்கில் தவறினால், அவன் கப்பலேறுமுன் அந்தச் செய்தி கப்பலேறிவிடும். அப்புறம் அவன் வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் வராது. ஆகவே அந்தத் தைரியத்தில் பாதி பயத்தினால் ஆனது என்று சொன்னால் குற்றமாகாது. முன்பின் அறியாத கிராமத்தில், புரியாத பாஷையில், எந்த உழவனை நம்பலாம், எவனை நம்பலாகாது என்று தீர்மானிக்கும் கணத்தில் மட்டும் கோயிலும் கிட்டங்கியும் துணைக்கு வரமாட்டா. அந்தத் தீர்மானம் அவன் ஒருவனுடையது.

ஊரில் இருந்த ஆச்சிமாருக்கு அத்தகைய துணையும் குறைவு. மூன்று வருஷம் கணவன் முகம் காணாமல், பிள்ளை பெற்று, பெற்றதைக் கடிதத்தில் தெரிவித்து, சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டுக் கணக்கு வைத்து, பர்மாத் தேக்கு வந்திறங்கும்போது தச்சரையும் கொத்தரையும் ஆண்டவர்கள் அவர்கள். சரித்திரம் எழுதுகிறவர்கள் ஏஜெண்டின் பேரேட்டைத் தேடுகிற அளவுக்கு இவர்களுடைய ஏட்டைத் தேடுவதில்லை.

பர்மிய உழவனின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கதை வேறு. 1930-க்குப் பின் உலகெங்கும் விலை வீழ்ந்தபோது நெல்லுக்கு மதிப்பில்லை, கடன் தீரவில்லை, ஈட்டுக்கு வைத்த நிலங்கள் கடைக்காரர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் விளையும் ஜில்லாக்கள் பதின்மூன்றில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் சுமார் 25 பங்காயிற்று. ரொக்கத்தை விரும்பிய வணிகனுக்கு அந்த நிலம் பாரமாகவே இருந்தது என்பது உண்மை. தன் பாட்டன் காடு திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நின்ற உழவனுக்கு அந்த உண்மையால் என்ன பயன்? 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தபின், லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகக் கடக்க நேர்ந்தபோது, பேர்போன கடைகளின் ஏஜெண்டுகளும் மூட்டை தூக்கும் கூலிகளும் ஒரே வழியில் நடந்தார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது.

அந்தப் பெருங்குலைவுக்குச் சில வருஷம் முன்னரே, சம்பளச்சீட்டும் மூன்று வருஷத் தவணையும் இல்லாமல் ஒருவர் புறப்பட்டுப் போயிருந்தார். கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் ரங்கூனில் இருந்தது 'தனவணிகன்' என்ற பத்திரிகையை நடத்துவதற்காக. பின்னர்த் தோக்கியோவுக்குச் சென்று புகைப்படக் கலை பயின்றார். 1937-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் செல்லும்போது, மகாத்மா காந்தியின் வாழ்க்கையைச் சலனப்படமாகத் தொகுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. வட்டிக் கணக்கில் வளர்ந்த ஒரு குலத்தில், இன்ன லாபம் வரும் என்று எவராலும் சொல்லமுடியாத அந்த வேலைக்கு ஏஜெண்டாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். காந்தியைப் படம்பிடித்தவர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, கண்டம் விட்டுக் கண்டம் சென்று, பழைய சுருள்களைக் கெஞ்சியும் விலைக்கும் வாங்கிச் சேர்த்தார். படம் 1940-இல் திரைக்கு வந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவருடைய புஸ்தகத்தை வாசித்தவர்கள், அத்தனை ஊர்களைச் சொன்ன மனிதர் தம்மைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனித்திருப்பார்கள்.