மலைக்கு அந்தப் பக்கம் வேறு கொடி

சென்ற வாரம் 1952 தேர்தலோடு நிறுத்தியிருந்தோம். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. எதிர்வரிசையில் 62 கம்யூனிஸ்டுகள். சிறு கட்சிகளையும் சுயேச்சைகளையும் வளைத்துப் பிடித்துத்தான் ராஜாஜி ஆட்சியை நடத்தினார். பிறகு ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பரில் மலபாரும் கேரளத்தோடு போனது. அந்தப் பிரிவினை எல்லைகளோடு கட்சிகளின் பலத்தையும் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டது. 1957ல் சென்னையில் 205 இடங்களில் 151ஐ காங்கிரஸ் சுளையாக அள்ளியது. கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி.

உடுமலைப்பேட்டைக்கு இது தூரத்துச் சேதி அல்ல. ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் ஆனைமலையின் மழை பெரும்பாலும் மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அதை மறித்துக் கிழக்கே திருப்புவதுதான் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். இங்கே அதற்காகப் பாடுபட்ட நிதியமைச்சர் சி.சுப்பிரமணியமும் பொள்ளாச்சி எம்.எல்.ஏ. நா.மகாலிங்கமும் காங்கிரஸ்காரர்கள். ஆனால் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளுக்கான நிலம் இருந்தது கேரளத்தில். மேடையில் திட்டிக்கொண்ட கட்சிகள் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து தண்ணீர்க் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்தார்கள் என்பதுதான் விசேஷம்.

1959 ஜூலை 31ல் டெல்லி இ.எம்.எஸ். ஆட்சியைக் கலைத்தது. கலைத்தது காங்கிரஸ், கலைக்கப்பட்டது கம்யூனிஸ்ட். அத்தோடு மலைமேல் வேலையும் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1961ல் நேரு வந்து திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

ஒப்பந்தம் எழுத்தில் வந்தது 1970 மே 29ல். அதற்குள் இரண்டு பக்கமும் கொடி மாறியிருந்தது. 1967ல் உடுமலைப்பேட்டை தி.மு.க.வின் சாதிக் பாட்சாவைத் தேர்ந்தெடுத்தது; அண்ணா அமைச்சரவையில் அவர் சுகாதார அமைச்சர். கையெழுத்தானபோது இங்கே கருணாநிதி, அங்கே இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன். திட்டத்தைத் தொடங்கிய காங்கிரஸ் இரண்டு கோட்டையிலும் இல்லை. ஆனாலும் ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்றுதான் எழுதினார்கள். அது இ.எம்.எஸ். முதல்வராக இருந்த காலத்துத் தேதி!

மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும். சர்க்கார்பதியிலிருந்து சுமார் 49 கிலோமீட்டர் மலையோரமாக வரும் காண்டூர் கால்வாய் திருமூர்த்தி அணையை நிரப்பும். அங்கிருந்து நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்துப் பாசனம். எந்த மண்டலத்துக்கு எத்தனை சுற்றுத் தண்ணீர் என்ற சண்டையில் எல்லாக் கட்சிக் கரைவேட்டிகளும் ஒரே பக்கம் நிற்பதை இந்த வட்டாரத்தில்தான் பார்க்க முடியும்.

முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு என்பது விதி; முதல் தவணை 1988லேயே வந்துவிட்டது. இடமலையாறு திட்டத்தைக் கேரளம் முடித்தபின் ஆனைமலையாற்றிலிருந்து 2.5 டி.எம்.சி. எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. அணை முடிந்தது, கால்வாய் வேலை முடியவில்லை என்பது கேரளத்தின் வாதம். ஆனைமலையாறு–நல்லாறு திட்டத்தை வாக்குறுதியில் சேர்க்காமல் இங்கே யாரும் ஓட்டுக் கேட்க முடியாது. 2019 செப்டம்பரில் எடப்பாடி பழனிசாமி திருவனந்தபுரம் போய்ப் பினராயி விஜயனைச் சந்தித்தார். ஒருவர் அ.தி.மு.க., இன்னொருவர் மார்க்சிஸ்ட். பேசுவதற்குக் குழுக்கள் அமைப்பதென்று முடிவாயிற்று.

(தொடரும்)